ஐந்து மணிப் பாட்டு

டோக்கியோ
2018 அக்டோபர் 14

குனி,

இலை சிவந்துவிட்டது, குளிர் தொடங்கிவிட்டது, அங்கே எல்லோரும் நலமா என்று முறைப்படி நாலு வரி எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்புறம் உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வந்தது. அந்த நாலு வரியைத் தாண்ட மாட்டாய், கசக்கி எறிந்துவிடுவாய். போனையும் எடுப்பதில்லை. ஐஸ் ஆலையில் வேலை பார்த்துப் பார்த்து நீயே ஐஸ்கட்டி ஆகிவிட்டாய் என்று என் அக்கா சொல்கிறாள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நம் அகிகான் இசைக்குழு தொடங்கி இருபது வருஷம் ஆகிறது. காலி டப்பா என்று பெயர் வைத்துக்கொண்டு மீன் பதனிடும் கொட்டகையில் டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்த மூன்று பேருக்கு இருபது வருஷம்! கம்பெனிக்காரர்கள் தொகுப்பு ஒன்று போடுகிறார்கள். எந்தப் பாட்டெல்லாம் வேண்டும் என்று ரசிகர்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். இரண்டாவது இடம் ‘துருப்பிடித்த சைக்கிள்’. உன் பேஸ் கிட்டாருக்காகத்தான் அது, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது ‘உப்புக்கு வாடகை’. நான் உயிரைக் கொடுத்து எழுதிய ‘கண்ணாடி மாதம்’ பதினேழாவது இடம். சிரித்துக்கொள்.

முதல் இடம் எது என்று நான் சொல்ல வேண்டுமா? ‘அங்கேயே இரு’. இரண்டாவது பாட்டைவிட மூன்று மடங்கு ஓட்டு. நான் எண்பது பாட்டு எழுதினேன். தெப்பெய் வாழ்நாளில் எழுதியது ஒன்றே ஒன்று. அதுவும் பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கும்போது வாயாலேயே சொன்னான். ஜனங்களுக்கு அதுதான் வேண்டியிருக்கிறது. டிரம்ஸ்காரனிடம் தோற்ற பாடகன் ஜப்பானிலேயே நான் ஒருவன்தான்.

இப்போது முக்கியமான விஷயம். மினோகுரா நகராட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. புதிதாய் நட்ட ஒலிபெருக்கிக் கம்பங்களில் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஒலிக்கிற பாட்டை மாற்றப்போகிறார்களாம். பழைய மெட்டு வேண்டாம், நம் ஊர்ப் பையன்களின் பாட்டு வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். ‘அங்கேயே இரு’வை மணியோசை மாதிரி செய்து, வருகிற மார்ச் 11 மாலை முதல் ஒலிக்க வைப்பதாய்த் திட்டம். மெட்டு என்னுடையது, நான் சம்மதம். வார்த்தை தெப்பெயுடையது, ஆகவே அது அவன் மகள் நாகிசாவுக்குச் சேரும். அவளுக்குப் பதினைந்து வயதுதான் என்பதால் வளர்க்கிறவன் நீ கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு பேரில் ஒருவர் மறுத்தாலும் நடக்காது.

தெப்பெயின் பாட்டு தினமும் அவன் ஊரில் கேட்கும், குனி. அவனுக்குக் கல்லறைகூட ஒழுங்காய் இல்லை. நம்மால் இதாவது முடிகிறதே.

போட்டு அனுப்பு.

மிட்சுரு

* * *

மினோகுரா
அக்டோபர் 23

மிட்சுரு,

கையெழுத்துப் போட மாட்டேன். நகராட்சிக்கும் சொல்லிவிடுகிறேன்.

நீ கல்லறையைப் பற்றிப் பேசாதே. எட்டு வருஷத்தில் இரண்டு தடவை வந்திருப்பாய். இரண்டு தடவையும் கேமராவோடு வந்தாய்.

அகிகான் இருபது வருஷம் என்கிறாய். அகிகான் சுனாமி வந்த அந்த மார்ச்சோடு முடிந்தது. அதற்கப்புறம் நீ இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு அதே பெயரில் ஊர் ஊராய்ப் போகிறாய். டிவியில் பார்த்தேன். அந்த டிரம்ஸ் பையன் தெப்பெய் அடித்ததை அப்படியே அடிக்கிறான், ஒரு அடி பிசகவில்லை. தெப்பெய் பிசகுவான். இரண்டாவது சரணத்தில் எப்போதும் அவசரப்பட்டு முந்துவான். பாட்டுக்கு முந்துவான், மற்ற எல்லாவற்றுக்கும் லேட்டாய் வருவான்.

நாகிசா நன்றாயிருக்கிறாள். உயர்நிலைப் பள்ளிப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அவளை இதில் இழுக்காதே.

குனிஹிகோ

* * *

டோக்கியோ
நவம்பர் 2

குனி,

எட்டு வருஷமாய் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கு நீ கேள்.

அன்றைக்கு நான் ஊரில் இல்லை. டோக்கியோவில் ரேடியோ பேட்டிக்குப் போயிருந்தேன். அதுதானே என் குற்றம்? நான் ஓட வேண்டிய ஓட்டத்தை நீங்கள் ஓடினீர்கள், நான் இருபத்தோராவது மாடியில் நிலநடுக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை எனக்கு யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பாடியது குற்றம் என்று சொல்லாதே. நான் பாடாமல் விட்டிருந்தால் தெப்பெய் என்று ஒருவன் இருந்ததே இன்றைக்கு யாருக்கும் தெரியாது. நீ கிட்டாரைத் தூக்கிப் பரணில் போட்டாய். அது துக்கமாம், நான் செய்தது வியாபாரமாம்.

நாகிசாவை இழுக்காதே என்கிறாய். நான் எங்கே இழுத்தேன்? அவளே எனக்குச் செய்தி அனுப்பினாள். அப்படியே எழுதுகிறேன், படி: “மிட்சுரு சித்தப்பா, நீங்களே குனி சித்தப்பாகிட்ட பேசுங்க. நான் அந்தப் பாட்டுப் பேச்சை எடுத்தாலே எழுந்து குளிக்கப் போயிடறார். போன வாரம் ஒரே நாள்ல ரெண்டு தடவை குளிச்சார்.” பள்ளியில் அந்தப் பாட்டு வேண்டும் என்று முதலில் கை தூக்கியதே அவள்தானாம், உனக்குத் தெரியுமா? அப்பாவின் பாட்டைக் கேட்க அவளுக்கு உரிமை இல்லையா? அவள் கையெழுத்தை நீ எப்படி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாய்?

காரணம் என்ன என்று ஒரு வரியாவது எழுது. செத்தவன் பாட்டு உன் பாட்டை மிஞ்சிவிட்டது என்ற வயிற்றெரிச்சலா? எனக்கும் அது உண்டு, ஒளிக்கவில்லை. ஆனால் ஒரு பெண்குழந்தை ஆசைக்குக் குறுக்கே நிற்கிற அளவுக்கு இல்லை. தினமும் கேட்டால் மனசு வலிக்கும் என்றால், ஐந்து மணிக்குக் காதைப் பொத்திக்கொள். வெறும் மணியோசைதான், அதில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது.

மிட்சுரு

* * *

மினோகுரா
நவம்பர் 18

மிட்சுரு,

வார்த்தை கிடையாது என்கிறாய். இந்த ஊரில் அந்த வார்த்தை தெரியாத பிள்ளை ஒன்று உண்டா? மெட்டைக் கேட்டதும் வாய் தானாய்ப் பாடும். “அங்கேயே இரு, நகராதே, நான் வந்து கூட்டிப் போகிறேன்.”

அந்தக் கம்பம் எதற்கு நட்டது? ஐந்து மணிக்குப் பாட்டு போடுவது கம்பம் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். அதன் நிஜமான வேலை, அலை வரும்போது ஓடு என்று சொல்வது. நமக்கு ஒன்றாம் வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? பூமி ஆட்டம் நின்றதும் மேட்டுக்கு ஓடு, யாரையும் தேடிப் போகாதே, யாருக்காகவும் நிற்காதே, அம்மாவும் தனியாய் ஓடுவாள் என்று நம்பு. அதே கம்பத்திலிருந்து வருஷம் முழுக்க, அங்கேயே இரு என்று பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டச் சொல்கிறாயா?

இதை நகராட்சியில் சொன்னேன். “அட, அது காதல் பாட்டு சார், யாரு அவ்வளவு யோசிக்கப்போறாங்க?” என்று ஒரு பையன் சிரித்தான். எழுந்து வந்துவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு நானும் தெப்பெயும் மேட்டுக் கொட்டகையில் பயிற்சியில் இருந்தோம். ஆட்டம் நிற்கிறதற்குள்ளேயே அவன் போனை எடுத்துவிட்டான். அவன் மனைவி சயோ வீட்டில் இருந்தாள். லைன் கிடைத்தது. கிடைக்காமல் போயிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன். அவன் சொன்னது என் காதில் விழுந்தது. “பயப்படாதே. நீ அங்கேயே இரு, நகராதே. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.” பாட்டு வரியைச் சொல்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாய் மேடையில் கேட்டுக் கேட்டு வாயில் ஊறிப்போனது, பதற்றத்தில் அதுதான் வந்தது. அப்புறம் லைன் செத்துவிட்டது.

நான் அவன் கையைப் பிடித்தேன். “டேய் போகாதே, அவ ஓடியிருப்பா” என்றேன். “ஓட மாட்டாடா. நான் இருன்னு சொல்லிட்டேன்ல” என்று சொல்லிவிட்டு வேனை எடுத்தான்.

சயோ வீட்டு மாடியில் கிடைத்தாள். வேன் அவர்கள் தெருமுனையில் கிடைத்தது. அவன் கிடைக்கவே இல்லை. ஒரு தடவையாவது நேரத்துக்குப் போய்ச் சேரப் பார்த்திருக்கிறான். அவன் அந்த வார்த்தை சொல்லாதிருந்தால் சயோ ஓடியிருப்பாள். வீட்டுக்குப் பின்னாலேயே மேட்டுக்குப் படி இருந்தது.

இப்போது சொல், நாகிசாவிடம் எப்படிக் காரணம் சொல்வேன்? உன் அப்பா சொன்ன வார்த்தையால் உன் அம்மா செத்தாள் என்றா? அந்தப் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் டீச்சர் கையைப் பிடித்து மேடேறி வந்தது. கோயில் வாசலில் என்னைப் பார்த்ததும், “அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வருவார்” என்றது. நான் தலையாட்டினேன். அவளுக்கு அப்பாவைப் பற்றி நல்ல நினைப்பு மட்டும்தான் மிச்சம். அதை நான் எடுத்துவிட மாட்டேன்.

நான் மறுத்தால் ஏன் ஏன் என்று வீட்டுக்குள்ளேயே நின்று கேட்கிறாள். இன்னும் ஒரு மாதம் கேட்டால் சொல்லிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், நீ மறுத்துவிடு. மெட்டு உன்னுடையது, நீ முடியாது என்றால் பேச்சு முடிந்தது. காரணம் என்ன வேண்டுமானாலும் சொல். திமிர் என்று நினைக்கட்டும். நீ தூரத்தில் இருக்கிறாய், திட்டு வாங்கினாலும் அங்கேயே இருப்பாய். நான் இவளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

குனிஹிகோ

* * *

நகோயா, ஓட்டல் அறை
டிசம்பர் 9

குனி,

உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே இத்தனை நாளாய் ஊர் ஊராய்ச் சுற்றுகிறேன்.

நேற்று இங்கே நிகழ்ச்சி. கடைசிப் பாட்டு அதுதான், எப்போதும் அதுதான். அதைப் பாடாமல் மேடையை விட்டு இறங்க விட மாட்டார்கள். முதல் அடியை அந்தப் பையன் அடித்தான், எனக்கு வாய் திறக்கவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஜனங்களே பாட ஆரம்பித்தார்கள். மண்டபம் முழுக்க, கையை ஆட்டிக்கொண்டு, அங்கேயே இரு, நகராதே என்று. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அம்மாவைக் கட்டிக்கொண்டு பாடினாள். நான் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டுவிட்டேன் என்று கைதட்டினார்கள். எட்டு வருஷமாய் நான் இதைத்தான் தெப்பெய்க்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றுப்பயணத்தின் பின்பாதி முழுக்க ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். கம்பெனியில் கத்துகிறார்கள்.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். நகராட்சியிலிருந்து என் டோக்கியோ வீட்டுக்கு வந்த அம்மாள் ரொம்ப நல்ல மனுஷி, சோயா பிஸ்கட்டெல்லாம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். “என் பாட்டைக் கிராமத்துத் தகரக் குழாயில் கேட்க எனக்கு இஷ்டமில்லை” என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் குனிந்து வணங்கிவிட்டு, “பிள்ளைகள்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை” என்றார். கதவைச் சாத்தியதும் சமையலறையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டுவிட்டார்கள். நீ பார்த்திருப்பாய். அக்கா போன் செய்தாள். மீன் கடையில் அவளுக்கு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். “உன்னைப் பெத்த அம்மா இருந்திருந்தா செத்திருப்பா” என்றாள். அப்படி ஒரு வாக்கியத்தை என் அக்காவால்தான் சொல்ல முடியும். நான் சிரிக்கவில்லை.

நாகிசாவும் எழுதினாள். ஒரே வரி. “நீங்க எங்க ஊர்க்காரரே இல்லை.” அதைப் படித்துவிட்டு உன்மேல் கோபம் வந்தது, குனி. மறைக்க மாட்டேன். நீ அவளோடு உட்கார்ந்து சோறு சாப்பிடுவாய், நான் அவளுக்கு அயோக்கியன் ஆகிவிட்டேன். அப்புறம் யோசித்தேன். நீ எட்டு வருஷமாய்த் தனியாய் வைத்துக்கொண்டிருந்ததை நான் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ அவன் கையைப் பிடித்தாய் என்று எழுதினாயே, விட்டது நீயா, உதறியது அவனா? பதில் எழுத வேண்டாம். எதுவாக இருந்தாலும் நான் அங்கே இருந்திருந்தால் அவனுக்கு முன்னால் வேனில் ஏறியிருப்பேன்.

மிட்சுரு

* * *

மினோகுரா
2019 மார்ச் 12

மிட்சுரு,

உன் டிசம்பர் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. நன்றி என்று எழுதிப் பார்த்தேன், அசிங்கமாய் இருந்தது. நீ கேட்டதற்குப் பதில்: அவன் உதறவில்லை. நான்தான் விட்டேன்.

நேற்று நினைவுநாள். மதியம் எல்லோரும் கடலைப் பார்த்து நின்றோம். கடல் எங்கே தெரிகிறது, அலையைத் தடுக்கக் கட்டிய சுவரைப் பார்த்து நின்றோம். மாலை ஐந்து மணிக்குக் கம்பத்தில் பழைய மெட்டுதான் வந்தது. நாகிசா வாசலில் நின்று அதை முடிகிற வரைக்கும் கேட்டாள். உள்ளே வந்து, நீ போன வருஷம் அவளுக்கு அனுப்பிய அகிகான் சட்டையை எடுத்துக் குப்பைப் பையில் திணித்தாள். நான் வேண்டாம் என்றேன். “அந்த ஆளுக்கு ஏன் பரிஞ்சு பேசறீங்க? நீங்கதானே அவரோட பேசறதே இல்லை?” என்றாள்.

என்னால் முடியவில்லை, மிட்சுரு. உன்னை அவள் அப்படிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நீயாக மறுக்கவில்லை, நான்தான் மறுக்கச் சொன்னேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். போன் பேசியதைச் சொன்னேன். அவன் சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். சட்டையைப் பையிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டே, “அது எனக்குத் தெரியும்” என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு வேறு மாதிரி எழுத வராது.

“அம்மா ஸ்கூலுக்கு வந்தாங்க சித்தப்பா. ஆட்டம் நின்னதும் ஓடி வந்தாங்க, செருப்புகூடப் போடலை. நாங்க கிரவுண்டுல வரிசையா நின்னோம். டீச்சர், ‘நீங்களும் எங்களோடவே மேல வந்துடுங்க’ன்னு சொன்னாங்க. அம்மா, ‘இல்லை, வீட்டுல இருக்கேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன், அவர் வந்து நான் இல்லேன்னா தேடிட்டு நிப்பார், போனும் போகலை’ன்னாங்க. என்கிட்ட, ‘நீ டீச்சரோட போ, அப்பா வந்ததும் ரெண்டு பேரும் வரோம்’னாங்க.”

பள்ளிக்கூடம் மேட்டின் அடியில் இருந்தது, உனக்குத் தெரியும். அங்கிருந்து எழுபது வயதுக்காரர்களே ஏறி வந்தார்கள். சயோ அங்கே வரை வந்துவிட்டாள். வந்துவிட்டுத் திரும்பிப் போனாள், அவன் தேடிக்கொண்டு நிற்கக் கூடாதே என்று.

இத்தனை வருஷம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க அப்பாவைத் தப்பா நினைச்சிடுவீங்கன்னுதான். உங்களுக்கு அவர் ஒருத்தர்தானே ஃப்ரெண்டு” என்றாள். நான் எதை அவளிடமிருந்து ஒளித்தேனோ, அதையே அவள் என்னிடமிருந்து ஒளித்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறாள். ஏழு வயதிலிருந்து.

அப்புறம் ஏன் அந்தப் பாட்டைக் கேட்டாய் என்றேன். “எல்லாரும் அப்பா அலையில போயிட்டார்னுதான் சொல்றாங்க. அவர் எங்கேயும் போகலை, வந்துட்டிருந்தார். வேன் தெருமுனை வரைக்கும் வந்திருந்துச்சு. அதை தினம் யாராச்சும் சொல்லணும்னு இருந்துச்சு” என்றாள். மடித்த சட்டையை அலமாரியில் வைத்துவிட்டு அவளே, “ஆனா கம்பத்துல வேண்டாம். நீங்க சொல்றது சரிதான். ஒண்ணாம் கிளாஸ் பசங்க இருக்காங்க” என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். இதை எழுதலாமா என்று தெரியவில்லை. நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது. “அன்னைக்கு நான் அழுதிருந்தா அம்மா போயிருக்க மாட்டாங்க. எப்பவும் அழுவேன், அம்மா என்னை விட்டுட்டு ஸ்கூல் கேட் வரைக்கும் போனாலே அழுவேன். அன்னைக்கு அழலை. அப்பா வரார்னு சந்தோஷமா இருந்துச்சு. கை ஆட்டினேன்.”

உன் தப்பில்லை என்று சொன்னேன். அது எல்லோரும் சொல்கிறதுதான், எனக்கே பலர் சொல்லியிருக்கிறார்கள். அவள் தலையாட்டினாள், எனக்காக.

இன்றைக்குக் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, “மிட்சுரு சித்தப்பா வருவாரா?” என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

வருகிறேன் என்று மட்டும் எழுதாதே. வருவதானால் சொல்லாமல் வா.

குனி